புதுப்பிக்க ஏற்ற பழைய வீடு, துறைமுகம் அருகில்

"நாகப்பட்டினம், துறைமுகம் மிக அருகில். காற்றோட்டமான பழைய வீடு. புதுப்பிக்க ஏற்றது. வில்லங்கம் இல்லை. நேரில் பேசிக்கொள்ளலாம்."

இது எங்க அண்ணன் எழுதின விளம்பரம். போன மாசம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு வாட்ஸப்பில் வந்து விழுந்தது. "பாத்துட்டு ஓகே சொல்லு, காலைல குடுத்துடறேன்" என்று கீழே ஒரு வரி. நான் ஓகே சொல்லலை. அன்னைக்கு ஆரம்பிச்ச சண்டை இன்னும் முழுசா ஓயலைங்க.

யோசிச்சுப் பார்த்தா அந்த விளம்பரத்தில் ஒரு பொய்கூட இல்லை. துறைமுகம் அருகில்தான். வாசலில் நின்றால் விசைப்படகு சத்தமும் கருவாட்டு வாசனையும் வரும் (வாசனை என்று நான் சொல்வது ஊர்ப்பாசம். என் மனைவி வேறு வார்த்தை சொல்வாங்க). காற்றோட்டம்? அதிலும் சந்தேகமில்லை. மாடி ஜன்னலைத் திறந்து வைத்தால் தட்டில் இருக்கிற அப்பளம் பறக்கும். வில்லங்கமும் இல்லைதான், அதற்குப் பிறகு வருகிறேன். என் தகராறு எல்லாம் "புதுப்பிக்க ஏற்றது" என்கிற அந்த இரண்டு வார்த்தையோடுதான். பத்திரிகையிலும் சரி, இணையத்திலும் சரி, பழைய வீடு விற்கிற எல்லாருமே இதைத்தான் எழுதறாங்க. அதுக்கு அர்த்தம் என்னன்னு யாராவது கேட்டிருக்கோமா? "இந்த வீட்டில் என்னென்ன கோளாறு இருக்குன்னு எனக்குத் தெரியும், ஆனா சொல்ல மாட்டேன், நீயே பணம் கொடுத்துக் கண்டுபிடிச்சுக்கோ" என்பதுதான் அர்த்தம். கொஞ்சம் மரியாதையாகச் சொல்லியிருக்கிறோம், அவ்வளவுதான்.

வீட்டைப் பற்றிச் சொல்லிடறேன். துறைமுகம் என்றதும் தூத்துக்குடி மாதிரி பெரிய கிரேன், கண்டெய்னர் எல்லாம் கற்பனை பண்ணிக்காதீங்க. எங்க ஊரில் கடுவையாறு கடலில் கலக்கிற முகத்துவாரம்தான் துறைமுகம். பெரிய கப்பல் உள்ளே வராது. மலாயா, சிங்கப்பூர் போகிற ராஜுலா கப்பல் 1973 வரைக்கும் வந்து போனது. அது தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சாமானையும் படகில் ஏற்றி அங்கே கொண்டு போவாங்க. தாத்தா ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. அந்தச் சம்பளத்தில் 1938-ல் இந்த வீட்டை வாங்கினார். அப்பவே அது பழைய வீடு. 24 அடி முகப்பு, 110 அடி நீளம், ரயில் பெட்டி மாதிரி. முன்னாடி திண்ணை, அப்புறம் ரேழி, நாலு பர்மா தேக்குத் தூணோட முற்றம், பின்கட்டு, கிணறு. முன்பாதிக்கு மேலே ஒரு மாடி. சுவர் ஒன்றரை அடி கனம், செங்கல்லும் கிளிஞ்சல் சுண்ணாம்பும். முன்பக்கத்துக்கு மெட்ராஸ் டெரஸ் தளம். அதாவது தேக்குச் சட்டங்களை அடுக்கி, அதன் மேலே சின்னச் சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்த்து வைத்து, சுண்ணாம்பு ஜல்லி கொட்டி, அடிச்சு அடிச்சு இறுக்கின தளம். கம்பியே கிடையாது.

இந்தக் கம்பி கிடையாது என்பதை ஞாபகம் வச்சுக்கோங்க.

1952 புயலையும் 1977 நவம்பர் புயலையும் அந்த வீடு பார்த்திருக்கு. 77-ல் எனக்கு எட்டு வயசு. ராத்திரி முழுக்க ரேழியில் எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்திருந்தோம். பின்கட்டு ஓடு பறந்ததே தவிர சுவரில் ஒரு கீறல் விழலை. அந்த வீட்டைக் கெடுத்தது புயல் இல்லைங்க. நான்தான்.

மஸ்கட்டில் வேலையில் இருந்தேன். 1996-ல் கையில் கொஞ்சம் காசு சேர்ந்தது. அப்பா அம்மாவுக்கு வீட்டைப் "புதுப்பிச்சு"க் கொடுக்கணும்னு ஆசை. சுவரின் கீழ்ப்பக்கம் சுண்ணாம்பு காரை உதிர்கிறது, கையை வைத்தால் மாவு மாதிரி ஒட்டுகிறது என்று அம்மா கடிதாசி எழுதுவாங்க. நான் பணம் அனுப்பினேன். மேஸ்திரி வந்து பழைய காரையைக் கொத்தித் தள்ளிட்டு, இடுப்பு உயரத்துக்கு அருமையா சிமெண்ட் பூசினார். தரையில் இருந்த பழைய தட்டோட்டு மேலேயே பளபளவென்று செராமிக் டைல்ஸ். வாசலுக்கு மேலே புதுசா ஒரு கான்கிரீட் சன்ஷேடு. லீவில் வந்து பார்த்தப்போ எனக்கே பெருமையா இருந்தது. போட்டோ கூட இருக்கு. திண்ணையில் அப்பா, பின்னால் சிமெண்ட் சுவர், நான் வாங்கிக் கொடுத்த வாட்ச்.

என்ன நடந்ததுன்னு பிற்பாடுதான் புரிஞ்சது. கடலோர மண்ணில் உப்புத் தண்ணி மேலாகவே இருக்கும். அஸ்திவாரத்துக்குள்ள புகுந்து திரி எண்ணெயை உறிஞ்சற மாதிரி சுவரில் ஏறும். ஓதம் ஏறுதுன்னு சொல்வோம் இல்லையா, அதுதான். (கடல் பொங்கி ஏறுவதற்கும் தமிழில் ஓதம்தான், சுவரில் ஈரம் ஏறுவதற்கும் ஓதம்தான். பேர் வச்சவன் எங்க ஊர்க்காரனா இருப்பான்!) சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். ஏறின ஈரம் காரை வழியா வெளியே போய் காற்றில் காய்ஞ்சுடும். உப்பு மேலே பூத்து, காரை கொஞ்சம் கொஞ்சமா உதிரும். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒருதரம் அந்தக் காரையை மாத்திப் பூசணும். அதுதான் அதோட வேலையே. சுவருக்குப் பதிலா காரை சாகும். அம்மா கையில் ஒட்டின மாவு, வீடு ஆரோக்கியமா இருக்குங்கறதுக்கு அடையாளம். நாங்க அதை வியாதின்னு நினைச்சு மூக்கையும் வாயையும் சேர்த்து அடைச்சுட்டோம்.

சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. தரையிலும் டைல்ஸ். அப்போ ஈரம் எங்கே போகும்? சிமெண்ட் பூசின உயரத்தைத் தாண்டி மேலே ஏறும். இடுப்பு உயரத்தில் இருந்த ஓதம் பத்து வருஷத்தில் தலை உயரத்துக்கு வந்தது. சிமெண்டுக்குப் பின்னால் உப்பு இறுகி இறுகி, ஒருநாள் பலகை பலகையாகப் பெயர்ந்து விழும், செங்கல்லோட முகத்தையும் பிய்ச்சுக்கிட்டு. அந்த சன்ஷேடு இருக்கே, அதில் கம்பி இருக்கு. உப்புக்காற்று கம்பியைத் தின்னும். துரு பிடித்த கம்பி வீங்கும், வீங்கினா கான்கிரீட் வெடிக்கும். நூறு வருஷத்துக்கு மேலான தளம் இன்னும் நிக்குது, 1996-ல் போட்ட சன்ஷேடு 2014-லேயே ஒரு பக்கம் விழுந்தாச்சு. நல்லவேளை, கீழே ஒரு பூனைகூட இல்லை.

சரி, இதெல்லாம் சரி பண்ண முடியுமா? முடியும். அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம். "புதுப்பிக்க ஏற்றது" என்பது எங்க வீட்டைப் பொறுத்தவரை உண்மை. சிமெண்டைப் பதமாகக் கொத்தி எடுக்கணும், டைல்ஸைப் பெயர்க்கணும், சுவரை ஒரு வெயில் காலம் முழுக்கச் சும்மா காய விடணும். அப்புறம் நீத்த சுண்ணாம்பைத் தொட்டியில் ஊறப்போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணி விட்டு அரைச்சுப் பூசணும். இந்த வேலை தெரிஞ்ச ஆட்கள் இன்னும் இருக்காங்க. காரைக்காலைத் தாண்டினா தரங்கம்பாடி. டேனிஷ்காரன் 1620-ல் வந்து இறங்கி, 1845-ல் வெள்ளைக்காரன்கிட்ட வித்துட்டுப் போன ஊர். அங்கே இன்டாக் அமைப்புக்காரங்க பழைய வீடுகளைச் சுண்ணாம்பிலேயே செப்பனிட்டிருக்காங்க. பெரிய பங்களா மட்டும் இல்லை, தட்டார் தெருவில் சின்னச் சின்ன வீடுகள்கூட. புதுச்சேரியில் வைசியாள் வீதியும் அப்படித்தான், ஐரோப்பிய யூனியன் பண உதவியில் தமிழ் வீடுகளோட முகப்பைத் திண்ணை, தாழ்வாரத்தோட மீட்டாங்க. எங்க ஊரைக் கேளுங்க. 1690-லிருந்து சோழமண்டலக் கரைக்கே டச்சுக்காரனோட தலைநகரம். ஆனா இங்கே பழைய வீடுன்னா மனை விலைதான். மேலே நிக்கிறதை இடிக்கிற கூலியை விலையிலேர்ந்து கழிச்சுக்குவாங்க. தூணும் கதவும் மட்டும் காரைக்குடி பக்கம் பழைய சாமான் கடைக்குப் போயிடும். எங்க வீட்டுக்கே ஒருத்தர் வந்து, வீட்டை விட்டுட்டு நாலு தூணுக்கு மட்டும் விலை கேட்டார்!

ஆனா பூசுறதுக்கு முன்னாடி எங்கே கொத்தணும்னு தெரியணும் இல்லையா? வாங்குறவர் நல்ல பெயிண்ட் அடிச்ச சுவரைப் பார்த்துட்டு, "கொஞ்சம் பட்டி பார்த்தா போதும்"னு நினைச்சு வாங்கினா? அவரும் இன்னொரு கோட் சிமெண்ட் பூசுவார். நான் செய்த அதே முட்டாள்தனம், இன்னும் அதிகச் செலவில்.

இப்போ தண்ணி விஷயம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6000 பேருக்கு மேல் போனாங்க. துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டை பட்ட பாட்டை நான் எழுதப் போறதில்லை, அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. எங்க வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருந்தாங்க. அம்மா முற்றத்தில் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருந்தாங்க. தெருவில் சத்தம் கேட்டு அப்பா வாசலுக்குப் போனார், கறுப்புத் தண்ணி தெருமுனையில் திரும்புறதைப் பார்த்தார். ரேழியிலிருந்தே மாடிப்படி. அம்மா கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஏறிட்டார். கீழே இடுப்புக்கு மேலே தண்ணி. வாசல் கதவு ஒரு பக்கம் பிய்ஞ்சு கிணத்தடியில் கிடந்தது.

ரெண்டு வாரம் கழிச்சு, சேறெல்லாம் வாரிப் போட்ட பிறகு, ரேழிச் சுவரில் தண்ணி நின்ன உயரத்தில் அப்பா உளியால் ஒரு கோடு வெட்டினார். பக்கத்தில் தேதி. ஏன்ப்பா இதுன்னு கேட்டதுக்கு, "பின்னாடி வர்றவனுக்குத் தெரிய வேண்டாமாடா"ன்னு மட்டும் சொன்னார். அவர் 2011-ல் போயிட்டார். அம்மா 2017 வரைக்கும் அந்த வீட்டிலேயே தனியா இருந்துட்டு, இப்போ தஞ்சாவூரில் அக்காகூட. பூட்டின வீடு, 2018-ல் கஜா வந்து பின்கட்டை முழுசா சாய்ச்சது.

அண்ணன் என்ன பண்ணார்னா, விளம்பரம் கொடுக்கறதுக்கு முன்னாடியே ஆளை விட்டு அந்தக் கோட்டில் பட்டி அடைச்சு, ரேழி முழுக்க சந்தனக் கலரில் பெயிண்ட் அடிச்சுட்டார். போட்டோ அனுப்பினார். ரேழி பளிச்சுன்னு இருந்தது. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

போன் போட்டேன்.

"என்னண்ணே, அப்பா வெட்டின கோட்டையும் சேர்த்தா அடைச்சீங்க?"

"பின்ன? அதை வச்சுக்கிட்டு எவன்கிட்டடா விக்கிறது? சுனாமி வந்தது உலகத்துக்கே தெரியும். தனியா நாம வேற தண்டோரா போடணுமா? எந்த ஊர்ல எந்தச் சட்டத்துல விக்கிறவன் தன் வீட்டுக் குறையை எழுதி ஒட்டணும்னு சொல்லியிருக்கு?"

சட்டத்தில் சொல்லியிருக்குங்க. நான் வக்கீல் இல்லை, ஆனா அந்தக் கேள்வி உறுத்தினதால தேடிப் படிச்சேன். 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டம், 55-வது பிரிவு. சொத்திலோ பத்திர உரிமையிலோ முக்கியமான குறை ஏதாவது இருந்து, அது விக்கிறவருக்குத் தெரிஞ்சு, வாங்குறவருக்குத் தெரியாம, அவர் சாதாரணக் கவனத்தோட பார்த்தாலும் கண்ணில் படாததா இருந்தா, விக்கிறவர் சொல்லியே ஆகணும். சொல்லாம விட்டா அது மோசடி. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்னைக்கும் அமலில் இருக்கு. சுனாமி ஊரறிஞ்சதுதான், அண்ணன் சொல்றது சரி. ஆனா எங்க ரேழியில் எவ்வளவு உயரம் நின்னதுங்கறது ஊரறிஞ்சது இல்லை. பெயிண்டுக்கு அடியில் இருக்கிற உப்பும் சாதாரணக் கவனத்துக்குத் தெரியாது. தெரியக்கூடாதுன்னுதானே பெயிண்டே அடிச்சது?

"வில்லங்கம் இல்லை"க்கு வர்றேன். அது நெஜம். பினாங்குக்கு ராஜுலாவில் கல்யாணம் ஆகிப் போன அத்தை, 1983-ல் சிதம்பரம் கப்பலில் ஊருக்கு வந்தப்போ விடுதலைப் பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் பண்ணிக் கொடுத்துட்டுப் போனாங்க. (1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அந்தக் கப்பல் தீப்பிடிச்சது. அதோட அந்தப் போக்குவரத்தே நின்னுபோச்சு. அத்தையும் அப்புறம் வரலை.) ஆனா பொதுவா ஒண்ணு சொல்லிடறேன். வில்லங்கச் சான்றிதழ் சுத்தமா இருந்தா சொத்தே சுத்தம்னு நினைக்காதீங்க. பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும். ஒருத்தர் இறந்து வாரிசுக்கு வர்ற உரிமை அதில் வராது. அத்தை அன்னைக்கு எழுதிக் கொடுக்காம இருந்திருந்தா, எங்க வில்லங்கச் சான்று அப்பவும் சுத்தமாத்தான் இருந்திருக்கும், ஆனா பாதி வீடு எங்களுது இல்லை. எங்களுக்கு மிச்சம் இருக்கிறது பட்டாவை தாத்தா பேரிலிருந்து மாத்துறது மட்டும்தான். தாலுகா ஆபீஸ் நடை. அதை விடுங்க.

பட்டாவைவிட முக்கியமானது இன்னொண்ணு. கடற்கரையோரக் கட்டுப்பாட்டு விதிகள், எல்லாரும் சி.ஆர்.இசட். என்பாங்க. 1991-ல் முதல் அறிவிக்கை, அப்புறம் 2011, அப்புறம் 2019. கடல் பக்கம் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரைக்கும் இது உண்டு. ஓதம் ஏறுகிற ஆற்றுக் கரையில் தூரம் குறைவு. நகராட்சிக்குள்ள ஏற்கெனவே வீடுகள் நிறைஞ்ச பகுதியில், முறையா அனுமதி உள்ள பழைய கட்டடத்தை அதே உபயோகத்துக்குத் திரும்பக் கட்டிக்கலாம். புதுசா கட்டணும்னா, இருக்கிற ரோட்டுக்கோ அங்கீகாரம் உள்ள கட்டடத்துக்கோ உள்பக்கமாத்தான் கட்டணும். வீட்டை இடிச்சுட்டு நாலு மாடி லாட்ஜ் கட்டலாம்னு கனவோட வர்றவருக்கு இதைச் சொல்லாம விட்டா, அவர் பணம் மனையோட மாட்டிக்கும். ஒரு புரோக்கர் எங்ககிட்டயே, "இலங்கைக்குக் கப்பல் விட்டாச்சு சார், இனிமே லாட்ஜ்தான், தங்கச் சுரங்கம்"னார். 2023 அக்டோபரில் செரியபாணி கப்பல் காங்கேசன்துறைக்கு ஓட ஆரம்பிச்சு, கொஞ்ச நாளிலேயே நிறுத்தி, மறுபடி 2024 ஆகஸ்டில் சிவகங்கை கப்பலோட தொடங்கினாங்க. எனக்கும் சந்தோஷம்தான், நாற்பது வருஷம் கழிச்சு எங்க கரையிலிருந்து பயணிகள் கப்பல். ஆனா வங்காள விரிகுடாவில் காத்தழுத்தம்னு ரேடியோ சொன்னா கப்பல் நிக்கும். அதை நம்பி ஒருத்தரை லாட்ஜ் கட்டச் சொல்ல எனக்கு வாய் வராது.

இவ்வளவும் அண்ணன்கிட்ட சொன்னேன். பொறுமையா கேட்டார். கடைசியில் ஒண்ணு சொன்னார்.

"உனக்கென்னடா. நல்லவனா இருக்கறதுக்கு உனக்கு வசதி இருக்கு."

அதுக்கு என்கிட்ட பதில் இல்லைங்க. அக்கா வீட்டுக்காரருக்கு ஒன்றரை வருஷமா வாரம் மூணு தடவை டயாலிசிஸ். அக்கா கையில் இருந்த நகை பாதி போயாச்சு. இந்த வீடு வித்து வர்ற பங்கை நம்பித்தான் அவங்க இருக்காங்க. அண்ணன் தனக்காக அவசரப்படலை. எல்லாத்தையும் சொல்லி வித்தா எட்டு லட்சம் குறையும்னு அவர் கணக்கு. தண்ணி ஏறின வீடுன்னா எவனும் பேரம் பேசத்தான் செய்வான். அந்த எட்டு லட்சத்தில் மூணில் ஒரு பங்கு அக்காவோடது. சென்னையில் ஃப்ளாட்டில் உட்கார்ந்துக்கிட்டு நான் நியாயம் பேசறது சுலபம். இதைப் படிக்கிறவங்களில் சிலபேர் அண்ணன் பக்கம் இருப்பீங்க. ரெண்டு ராத்திரி நானும் அவர் பக்கம்தான் இருந்தேன்.

ஆனா வீடு வாங்க வர்றவன் யாரு? பெரிய கம்பெனி இல்லை. எங்களை மாதிரி ஒருத்தன். மஸ்கட்டிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்து, அப்பா அம்மாவை உட்கார வைக்க ஊரோட ஒரு வீடு தேடறவன். 1996-ல் நான் இருந்த மாதிரி. அக்காவுக்கு வேண்டிய பணத்தை அவன் பையிலிருந்து அவனுக்குத் தெரியாம எடுக்கறதுக்குப் பேர் என்ன? அது எங்க குடும்பக் கஷ்டம். எங்க குடும்பம்தான் தாங்கணும். அதனால் அக்காகிட்டயும் அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன், விலை எவ்வளவு குறைஞ்சாலும் அது என் பங்கிலிருந்து போகட்டும். சிமெண்ட் பூசினது என் காசில்தானே, அதோட பாக்கின்னு வச்சுக்கோங்கன்னேன். அக்கா ஒண்ணும் சொல்லலை, அழுதாங்க. அண்ணன் போனை வச்சுட்டார்.

அம்மாவுக்கு இப்போ 84. அவங்ககிட்ட யாரும் எதுவும் கேட்கலை. ஆனா எல்லாம் காதில் விழுந்திருக்கு. போன ஞாயிறு நான் தஞ்சாவூர் போயிருந்தப்போ, சாப்பிட்டு முடிச்சதும் கூப்பிட்டாங்க.

"வீடு வாங்க வர்றவங்ககிட்ட ஒண்ணு சொல்லிடு. எதை வேணா இடிச்சுக்கட்டும், ரேழில இருக்கற மாடிப்படிய மட்டும் இடிக்க வேண்டாம்னு சொல்லு. அதுக்குக் கதவும் போட வேண்டாம்."

அன்னைக்கே பஸ் பிடிச்சு நாகப்பட்டினம் போனேன். ரேழியில் கோடு இருந்த இடத்தைத் தேடிப் பட்டியை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினேன். தேதி முழுசா வெளியே வந்துடுச்சு. பக்கத்திலேயே ஒரு சாண் அகலத்துக்குப் புதுப் பெயிண்ட் கொப்புளிச்சு நின்னது. விரலை வச்சா உள்ளே உப்பு, கரகரன்னு. மூணு வாரம்கூடத் தாங்கலை அந்தச் சந்தனக் கலர்.

அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து விளம்பரத்தைத் திருத்தி எழுதினேன்:

"நாகப்பட்டினம் துறைமுகம் அருகில் பழைய சுண்ணாம்பு வீடு. 24-க்கு 110. நாலு தேக்குத் தூண், மெட்ராஸ் டெரஸ் மாடி நல்ல நிலையில். பின்கட்டு கஜா புயலில் விழுந்தது. 1996-ல் பூசின சிமெண்டை எடுத்துவிட்டு சுண்ணாம்பு பூச வேண்டும், டைல்ஸைப் பெயர்க்க வேண்டும். 2004-ல் ரேழியில் இடுப்புக்கு மேல் தண்ணீர் நின்றது, அளவு சுவரில் இருக்கிறது. சி.ஆர்.இசட். வரைபடத்தில் சர்வே எண்ணைப் பார்த்துவிட்டு வரவும். பத்திரம் சரியாக இருக்கிறது, பட்டா மாற்ற வேண்டும். இடித்து மனையாக்க நினைப்பவர்களுக்கு இல்லை."

கடைசி வரியை அண்ணன் எடுக்கச் சொன்னார், எடுத்துட்டேன். வாங்கினப்புறம் அவங்க வீடு, அதைச் சொல்ல நாம யாருன்னு கேட்டார். அது நியாயம்தான். மீதியைப் படிச்சுட்டு, "இதைப் பார்த்து எவன்டா வருவான்?"னார்.

இதுவரைக்கும் ரெண்டு பேர் வந்து பார்த்திருக்காங்க. ஒருத்தர் வாசலோட திரும்பிட்டார். இன்னொருத்தர் திருவாரூர்க்காரர், ரிடையரான ஆசிரியர், மனைவியோட வந்தார். அந்த அம்மா கோட்டுக்குப் பக்கத்தில் நின்னு தன் உயரத்தை அளந்து பார்த்துட்டு, படியில் ஏறி இறங்கிப் பார்த்தாங்க. தை பிறக்கட்டும், ஒரு சுண்ணாம்புக் கொத்தனாரைக் கூட்டிக்கிட்டு வர்றோம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. விலையெல்லாம் இன்னும் பேசலை.